சாதியைப் படிக்கப் போனால் காசு கிடையாது

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடும் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். அந்த மாதங்களில் என் போனுக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எனக்கு சான்ஸ் இருக்கா?" கேட்பவர்கள் சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், குருவிகுளம், புளியங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா விசைத்தறிக்கோ கட்டட வேலைக்கோ போகிறவராக இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டுவார். சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு இந்தத் தெருக்களிலேயே சமூகப் பணி செய்கிறவள் என்பதால், எனக்கு விஷயம் தெரியும் என்று நம்பிக் கேட்கிறார்கள்.

இவர்களில் பலர் திருநெல்வேலியில் ஏதாவது ஓட்டல் ஹாலில் நடக்கிற ஏஜென்ட் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். அங்கே மார்க்கைப் பார்த்து, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு எழுபது பெர்சன்ட் சான்ஸ்" என்று சொல்லி அனுப்புவார்களாம். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஹார்வர்ட், கொலம்பியா மாதிரியான இடங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் நாலு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது என்று செய்திகளில் படிக்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அந்த நூறு பேர் யார்? விண்ணப்பம் போட முடிந்தவர்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு மட்டும் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் கட்ட முடிந்தவர்கள். தன்னைப் பற்றி நல்லதாக இரண்டு பக்கம் எழுதித் தர இரண்டு பேராசிரியர்கள் இருப்பவர்கள். நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த நூறுக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே "சான்ஸ்" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மார்க்கை அல்ல. "உனக்கு லெட்டர் கொடுக்க ஆள் இருக்கா?" என்றுதான் கேட்கிறேன்.

அது ஏன் என்பதற்கு நம்முடைய வரலாறே சாட்சி. 1913 ஜூன் 4 அன்று, பத்து ஆண்டு பரோடா அரசுக்கு வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் நியூயார்க்குக்குக் கப்பலேறினார் அம்பேத்கர். கொலம்பியாவில் அவருக்குப் பேராசிரியராக இருந்தவர் எட்வின் செலிக்மன். 1916இல் அம்பேத்கர் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனபோது, அங்கிருந்த பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்கு அவரை அறிமுகப்படுத்திக் கடிதம் எழுதியவர் அந்த செலிக்மன்தான். அந்தப் பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் அம்பேத்கரின் மாணவர் கோப்பில் அந்தக் கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் கே.ஆர். நாராயணன். கேரளத்தின் உழவூரிலிருந்து டாடா உதவித்தொகையில் 1945இல் அதே பள்ளிக்குப் போனார். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அவர் கையில் பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் இருந்தது. அம்பேத்கரின் அறிவும் நாராயணனின் அறிவும் யாருடைய கடிதத்தாலும் வந்தவை அல்ல. ஆனால் அந்த அறிவைப் பார்த்து, பார்த்ததை எழுதிக் கொடுக்க ஒரு ஆசிரியருக்கு மனம் வந்தது.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். புளியங்குடிச் சாலையில் ஒரு கிராமத்துப் பெண். அம்மா தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவர். சமூகவியல் முதுகலையில் நல்ல மார்க். பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 2021இல் என்னிடம் வந்தாள். மூன்று பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அவள் படித்த கல்லூரியில் ஒரு பேராசிரியர், "ஒனக்கு எதுக்கும்மா ஃபாரின்? ஒங்களுக்குத்தான் இங்கேயே கோட்டாவுல வேலை குடுக்காங்களே" என்றார். இன்னொருவர், "நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்" என்றார். அது கருணை மாதிரித் தெரியும். ஆனால் ஒரு மாணவி தன்னைப் பற்றித் தானே எழுதுகிற கடிதத்தில், அவள் வகுப்பில் கேட்ட கேள்வி எதுவும் இருக்காது. "நேரம் தவறாதவர், ஒழுக்கமானவர்" என்பதைத் தாண்டி எழுதக் கூச்சம் விடாது. வெளிநாட்டில் அதைப் படிக்கிறவருக்கு இந்த மாணவியை அவளுடைய ஆசிரியர்களுக்கே தெரியாது என்பது இரண்டாம் வரியிலேயே புரிந்துவிடும்.

நகரத்துப் பெரிய கல்லூரிகளில் இந்தக் கடிதம் ஒரு நடைமுறை. அங்கே ஆசிரியரே வெளிநாட்டில் படித்தவராக இருப்பார், எப்படி எழுத வேண்டும் என்று தெரியும். மாணவரின் சித்தப்பா கலிபோர்னியாவில் இருப்பார், கட்டுரையைத் திருத்திக் கொடுப்பார். இதற்கெல்லாம் பெயர் தகுதி. நம் பிள்ளைக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகைக்கு மட்டும் பெயர் சலுகை.

அடுத்தது நோக்கக் கட்டுரை. ஏன் படிக்க வேண்டும், எதை ஆராயப் போகிறாய் என்று எழுதித் தர வேண்டும். அவள் முதலில் எழுதி வந்ததில் "சிறுவயது முதலே சமூகத்தின் மீது ஆர்வம்" என்றிருந்தது. நான் கேட்டேன், "தறிக்கூடத்தப் பத்தி ஒனக்குத் தெரிஞ்சத சொல்லு." சொல்லிக்கொண்டே போனாள். நம் தெருப் பெண்கள் ஏன் தார் சுற்றவே கூப்பிடப்படுகிறார்கள், ஏன் தறியில் நிற்க அவர்களை விடுவதில்லை. முன்பணம் வாங்கிய குடும்பம் ஏன் வேறு கூடத்துக்கு மாற முடிவதில்லை. எந்தக் கூடத்தில் யார் குடத்தில் யார் தண்ணீர் குடிக்கலாம். சொல்லி முடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாக்கா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா எவனாவது எழுதியிருப்பாம்லா" என்றேன்.

அதையே எழுதினாள். மூன்று கடிதங்களில் ஒன்றை, எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தேர்வாளராக வந்த வேறு ஊர் ஆசிரியர் ஒருவர் உண்மையாகவே படித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். 2022 தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்திலிருந்து இடம் வந்தது. மேற்பார்வையாளராக வர இருந்தவர், இந்தத் தலைப்புக்காகத்தான் உங்களை எடுத்தோம் என்று தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சான்ஸ் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் அந்த வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் அவர்கள் கொடுத்தது இடம் மட்டும். பணத்துக்கு நமக்கிருந்த வழி, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1942இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரான அம்பேத்கர், பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கோரிக்கை மனு கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-55இல் இந்தத் திட்டம் வந்தது. இப்போது ஆண்டுக்கு மொத்தம் 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. மிச்சம் சீர்மரபினர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள், கைவினைஞர்களுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் இருபது கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், பதினேழு லட்சம் பேருக்கு ஓர் இடம். ஹார்வர்டின் நூற்றுக்கு நாலு இதற்கு முன்னால் தாராளம்.

அந்த 2022 பிப்ரவரியில், விண்ணப்பம் தொடங்குகிற நேரத்தில், புதிய விதிமுறை ஒன்று வந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. பல்கலைக்கழகங்களுக்கு மாதக்கணக்கில் விண்ணப்பித்து, இடமும் வாங்கிக் கையில் வைத்திருந்த மாணவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பும் இல்லை. அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் இதுதான்: இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நல்ல பல்கலைக்கழகங்களும் ஆவணங்களும் உள்ளன, அதற்கு எதற்கு வெளிநாடு?

கேட்க நியாயமாக இருக்கும். இந்த நியாயத்தை அம்பேத்கரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். 1915இல் அவர் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் வாசித்தது இந்தியாவில் சாதிகள் பற்றி. கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய ஆய்வு. லண்டனில் டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதியது ரூபாயின் சிக்கல். எல்லாமே இந்தியா. வெளிநாட்டில் போய்ப் படித்ததெல்லாம் தன் நாட்டைத்தான். சாதி பற்றிய அந்தக் கட்டுரையின் தலைப்போடு 2022இல் அவர் விண்ணப்பித்திருந்தால், அவர் கேட்டு வாங்கிய கொள்கையின் பெயரிலேயே அவருடைய விண்ணப்பம் திரும்பி வந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சாதியைப் பற்றி இங்கேயே ஆராயலாம் என்கிறார்களே, யாருக்குக் கீழே ஆராய்வது? "ஒங்களுக்குக் கோட்டாவுல குடுக்காங்களே" என்று சொன்னவருக்குக் கீழேயா? சாதியை ஆராய்கிற தலித் மாணவிக்கு, தன் மேற்பார்வையாளரின் சாதியைப் பார்த்துப் பயப்படாமல் ஒரு பத்தி எழுதக் கிடைக்கிற தூரம்தான் வெளிநாடு. நியூயார்க்கில் இருந்த மூன்று ஆண்டுகளில் அம்பேத்கருக்குக் கிடைத்தது அதுதான். அந்தப் படிப்போடு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்கு ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்த விதி வந்து ஏழு மாதத்தில், அதே 2022 செப்டம்பரில், எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மிட்டாய் வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகளில் ஒன்று வளர்ந்து, அன்றைக்கு அந்தக் கடை வாசலில் என்ன நடந்தது என்பதை உலகத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் உட்கார்ந்து ஆராய்ந்து எழுத விரும்பினால், இந்த விதியின்படி அதற்குக் காசு கிடையாது. ரோபோ பற்றிப் படிக்கலாம். புற்றுநோய் பற்றிப் படிக்கலாம். அவையும் வேண்டும்தான், நம் பிள்ளைகள் அதற்கும் போக வேண்டும். ஆனால் எதைப் படிக்கக் கூடாது என்று பட்டியல் போட்டிருப்பதில் முதலிடம் நம் வாழ்க்கைக்கு.

போட்டி கடுமையான பல்கலைக்கழகம் ஒன்று மாணவரிடம் எதிர்பார்ப்பது வேறு யாரிடமும் இல்லாத ஒன்றை. நம் பிள்ளைகளிடம் இருக்கிற, வேறு யாரிடமும் இல்லாத அறிவு பெரும்பாலும் இந்த மண்ணில் அடிபட்டுக் கற்றது. அதை எழுதினால் இடம் கிடைக்கிறது, பணம் கிடைப்பதில்லை. அதை மறைத்து வேறு எழுதினால் பணத்துக்குத் தகுதி வருகிறது, இடம் கிடைப்பது சிரமமாகிறது. அவளுக்கு நடந்தது இதேதான். தலைப்பை மாற்றலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். வங்காளதேசத்து நெசவாலைகள் என்று மாற்றினால் எனக்கு அதில் பரிச்சயம் இல்லை, உனக்கும் இல்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். ஓராண்டு ஒத்திவைத்துக் கொடுத்தார்கள். அந்த ஓராண்டிலும் விதி மாறவில்லை. இடம் காலாவதியானது. இப்போது தனியார் கல்லூரி ஒன்றில் தொகுப்பூதியத்துக்குப் பாடம் நடத்துகிறாள். அவளுடைய அம்மா இன்னும் தார் சுற்றுகிறார்.

பிறகும் நிலைமை தெளியவில்லை. 2025 ஜூலையில் இந்தத் திட்டத்துக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். இவர்கள் தோற்றவர்கள் அல்ல, தேர்வானவர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் செப்டம்பரில் வகுப்பைத் தொடங்கும். விசாவுக்குப் பணம் காட்ட வேண்டும். "நிதி இருந்தால்" என்ற சொல்லை விசா அலுவலகத்தில் காட்ட முடியுமா? 1917இல் பரோடா உதவித்தொகை முடிந்ததும் அம்பேத்கரும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத்தான் திரும்பினார். 1920இல் தன் சேமிப்போடு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடு, நண்பர் நவல் பத்தேனாவிடம் கடனும் வாங்கிக்கொண்டு திரும்பப் போனார். நூறு வருடம் கழித்தும் நம் பிள்ளைகள் அதே துறைமுகத்தில் நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு கதவு திறந்திருப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அம்பேத்கர் பெயரில் மாநில அரசு நடத்துகிற அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. எங்கள் பகுதியிலிருந்து ஒரு கொத்தனார் மகன் இதில் பொறியியல் முதுகலை படிக்கப் போயிருக்கிறான். அவன் போன அன்றைக்குத் தெருவே பஸ் ஸ்டாண்டில் நின்றது. இதில் கிறித்தவ ஆதிதிராவிடர்களையும் சேர்த்திருப்பது நெல்லை, தென்காசிப் பக்கம் பெரிய விஷயம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, அவர்கள் ஒன்றிய அரசின் கணக்கில் பட்டியல் சாதியே இல்லை. ஒரே தெரு, ஒரே ஒதுக்கல், ஒரு வீட்டுக்கு மட்டும் டெல்லியில் கதவு இல்லை. மகாராஷ்டிரத்தில் சாகு மகாராஜா பெயரிலேயே 75 பேருக்கு மாநில உதவித்தொகை உண்டு. அதோடு விண்ணப்பிக்கவே பழக்கிவிடுகிற ஏகலவ்யா இந்தியா மாதிரி அமைப்புகளும் அங்கே வந்துவிட்டன. பணம் மட்டும் போதாது, பழக்கிவிட ஆள் வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

போய்ச் சேருகிற இடத்தில் சாதி இல்லை என்றும் யாரும் ஏமாற வேண்டாம். அமெரிக்க விண்ணப்பத்தில் நம் பிள்ளையும் "ஆசியர்" கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், நம்மைத் தெருவுக்குள் விடாத வீட்டுப் பிள்ளையும் அதே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறது. பன்முகத்தன்மை என்ற கணக்கில் இருவரும் ஒன்று. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்தியது. ஆனால் அது தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதைத் தடுக்கவில்லை. அந்தக் கட்டுரை இன்னும் நம் கையில் இருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. அதைக் கேட்டு வாங்கியவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த நம்மவர்கள். போனவர்கள் எண்ணிக்கை கூடினால்தான் அதுவும் கூடும்.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம். இந்தியா பற்றிய ஆய்வுக்குப் பணம் இல்லை என்ற விதியை நீக்க வேண்டும். தேர்வு முடிவும் பணமும் பல்கலைக்கழகத்தின் கெடுவுக்கு முன்னால் வர வேண்டும். 115 என்ற எண்ணை இருபது கோடிக்கு ஏற்றபடி உயர்த்த வேண்டும். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கடைசி வருடம் வரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். அப்பா சான்றிதழில் பள்ளர், மகள் சான்றிதழில் தேவேந்திரகுல வேளாளர் என்று இருந்தால் தாலுகா ஆபீஸில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கெடு நாளில் அலைய முடியாது. முதல் வருடத்திலேயே ஓர் ஆசிரியரிடம் உங்கள் எழுத்தைப் படிக்கக் கொடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் ஆசிரியர் இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் தேடுங்கள்.

வெளிநாட்டில் படித்து முடித்து, அங்கேயோ இங்கேயோ வேலையில் இருக்கிற நம்மவர்கள் இதைப் படிப்பீர்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையின் நோக்கக் கட்டுரையை வருடத்துக்கு ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கள். ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு கடிதமாவது உண்மையாக எழுதுங்கள். எங்கள் தெருப் படிப்பகத்தில் இந்த வருடம் ஐந்து பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் சாதியைப் பற்றித்தான் ஆராயப் போகிறார்கள். தலைப்பை மாற்றச் சொல்லி நான் அவர்களிடம் சொல்லப் போவதில்லை. மாற வேண்டியது டெல்லியில் இருக்கிற அந்த விதி.

ஜெய் பீம்.